கழுவி வைத்த வண்டி

கிரேக்க நாட்டின் தெஸலோனிகி நகரத்தில் டாக்சிக்காரனைத் திட்டாமல் பொழுது விடியாது. மழை பெய்தால் நிற்கமாட்டான், வெளியூர்க்காரன் ஏறினால் ஊரைச் சுற்றிக் காட்டுவான், வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு டாக்சிக்காரன் மச்சானாகவோ மாமனாகவோ இருப்பான். இந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்கியபடியே அனெஸ்திஸ் இருபது வருஷம் ஓட்டிவிட்டான்.

அவன் பாதி டாக்சிக்குச் சொந்தக்காரன். இங்கே பல வண்டிகள் அப்படித்தான். உரிமம் இரண்டு பேர் பேரில் இருக்கும், வண்டி ஒன்றுதான். பகல் அனெஸ்திஸுக்கு, இரவு கூட்டாளி புரோத்ரோமோஸுக்கு. ஒரே சீட்டில் மாறி மாறி உட்கார்ந்து, அதன் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்ட இரண்டு ஆண்கள்.

அதற்கு முன்னால் அனெஸ்திஸ் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தான். ஒரு கோடையில் முதலாளி இயந்திரங்களை லாரியில் ஏற்றி பல்கேரியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே கூலி குறைவாம். அந்த இயந்திரங்களைக் கழற்றி ஏற்றிவிட்டவர்களில் அனெஸ்திஸும் ஒருவன். கடைசி லாரி போனதும் வேலையும் போயிற்று. அப்பா விட்டுப்போன கோதுமை நிலத்தை விற்று இந்தப் பாதியை வாங்கினான். மகள் வர்வாரா இன்று பத்ராஸ் நகரத்தில் மருந்தியல் படிக்கிறாள் என்றால் அது இந்தப் பாதியின் தயவு.

தொழிலில் சுகமே இல்லை என்று சொன்னால் அது பொய். தலைக்கு மேல் மேஸ்திரி கிடையாது. மனைவி ஒலிம்பியா அவரைக்காய் சமைத்த நாளில் மத்தியானம் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பலாம். பயணி இல்லாத நேரத்தில் கடற்கரையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காப்பி குடிக்கலாம். பாதிரியாரிடம் சொல்லாததை ஜனங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து சொல்வார்கள். அனெஸ்திஸுக்கு அது பிடித்திருந்தது. ஆலையில் யாரும் அவனிடம் எதையும் சொன்னதில்லை.

மற்றதெல்லாம் உடம்பில் எழுதப்பட்டது. ஒன்றுக்குப் போக இடம் கிடைக்காதென்று தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத்தில் கல் வளர்த்துக்கொண்டான். இடுப்பு எப்போதோ போய்விட்டது. ஒருமுறை ஒரு விடலைப் பயல் கழுத்தில் கத்தி வைத்தான். பிறகு நாட்டுக்கே கெட்ட காலம் வந்தது. டாக்சி ஏறியவர்கள் பஸ் ஏறினார்கள், பஸ் ஏறியவர்கள் நடந்தார்கள். ரயில் நிலைய வரிசையில் ஒரு சவாரிக்காகக் காலை முழுவதும் காத்திருக்க வேண்டும். உரிமத்தை விற்றுத் தொலைக்கலாம் என்றால் கேட்பாரில்லை.

தினமும் காலையில் சாவி கைமாறும் இடம் யோர்தானிஸின் குடல் சூப்புக் கடை. இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் புரோத்ரோமோஸ் அங்கே பூண்டும் வினிகரும் ஊற்றி ஒரு கிண்ணம் சூப்பு குடிப்பான். எதிரே அனெஸ்திஸ் தூக்கம் கலையாத முகத்தோடு காப்பி குடிப்பான். புரோத்ரோமோஸ் ஏழு வயது பெரியவன், பெருத்த உடம்பு, பெருத்த சிரிப்பு. வர்வாராவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றவன் அவன்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கும்பாரே என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

ஒரே ஒரு சண்டைதான், அது தினமும் நடக்கும். புரோத்ரோமோஸ் தூக்கம் வராமலிருக்கப் பூசணி விதை கொறிப்பான். தோலெல்லாம் சீட்டுக்கடியில் கிடக்கும்.

"கோழிக்கூண்டு கூட இதைவிடச் சுத்தமா இருக்கும், கும்பாரே."

"கோழி முட்டை போடுதுல்ல, அதைப் பாரு. ராத்திரி வசூல் யாரோடது?"

வண்டியை அவன் ஒருநாளும் கழுவியதில்லை. கழுவுவது பகல்காரன் வேலை என்பது அவன் கட்சி.

அவனுக்குச் சர்க்கரை இருந்தது, அது கண்ணுக்கும் வந்தது. போன வருஷம் ஒரு காலை, மேஜைமேல் கண்ணெதிரே கிடந்த சாவியைக் கையால் தடவித் தேடினான். அனெஸ்திஸ் பார்த்துவிட்டான்.

"எழுத்து கலங்குது. அவ்வளவுதான்," என்றான் புரோத்ரோமோஸ்.

"பகலை நீ எடுத்துக்க. நான் ராத்திரி ஓட்டுறேன்."

"பகல்ல நெரிசல். ராத்திரி ரோடு காலியா கிடக்கும். இந்த ஊர் ரோடு எனக்கு மனப்பாடம்டா."

இலையுதிர்காலத்தில் இருவருக்கும் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கண் டாக்டரின் சான்று இல்லாமல் முடியாது. அனெஸ்திஸ் முதலில் போனான். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படித்தான், படித்ததோடு நிற்காமல் மனதிலும் ஏற்றிக்கொண்டான். மறுநாள் சூப்புக் கடையில் கூட்டாளிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான். கடைசி வரிதான் கடினம்: ஆல்ஃபா, தாஃப், ரோ, ஈட்டா, காப்பா. புரோத்ரோமோஸ் அதைக் கோயில் பாட்டு ராகத்தில் இழுத்துப் பாடினான். யோர்தானிஸ் கரண்டியால் தாளம் போட்டான். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். டாக்டர் முத்திரை குத்திக்கொடுத்தார்.

ஏன் செய்தான்? கும்பாரன் மேல் பாசம். அதோடு, புரோத்ரோமோஸ் ஓட்டாவிட்டால் வண்டி இரவெல்லாம் சும்மா நிற்கும், செலவு முழுவதும் தன் தலையில் விழும் என்ற பயம். எது எவ்வளவு என்று அனெஸ்திஸ் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு காலை. அனெஸ்திஸ் கடைக்குப் போனபோது மேஜை காலியாக இருந்தது. யோர்தானிஸ் கல்லாவிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான்.

"தலைவலின்னு சொல்லிட்டுப் போயிட்டான். சூப்பு கூட வேணாம்னுட்டான்."

வெளியே வண்டி பளிச்சென்று நின்றது. நீலமும் வெள்ளையும் புதுசாகத் தெரிந்தன. உள்ளே ஒரு விதைத் தோல் கிடையாது. கால்மிதி கூட ஈரமாக இருந்தது. முதலில் அனெஸ்திஸுக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருஷம் கத்தியதற்கு ஒருவழியாகப் பலன் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டான். பிறகு வலது பக்கம் போனான். முன்விளக்கின் கண்ணாடியில் விரிசல். பக்கக் கண்ணாடியைக் கறுப்பு டேப்பால் சுற்றி நிறுத்தியிருந்தது.

தூணில் இடித்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

இரண்டாவது சவாரியில் ரேடியோ செய்தி சொன்னது. விடிவதற்கு முன் லாங்கடா சாலையில், பேக்கரி வேலைக்கு நடந்துபோன ஒரு பெண்ணை ஏதோ வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பெண் கவலைக்கிடம்.

"குடிகாரனா இருப்பான்," என்றார் பின்சீட்டிலிருந்த பெரியவர். "இவனுங்களைப் புடிச்சு உள்ள போட்டுச் சாவியைக் கடல்ல எறியணும்."

"ஆமாங்க," என்றான் அனெஸ்திஸ்.

அவரை இறக்கிவிட்டுப் புரோத்ரோமோஸுக்குப் போன் அடித்தான். அணைத்து வைத்திருந்தது. ஊரில் எத்தனையோ வண்டி ஓடுகிறது, இதுதான் என்று யார் சொன்னது? அப்படிச் சொல்லிப் பார்த்தான், மனசு கேட்கவில்லை. வழக்கமாக நிற்கும் ரயில் நிலையத்தை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணைச் சேர்த்திருப்பதாக ரேடியோ சொன்ன ஆஸ்பத்திரி வாசலில் போய் வரிசையில் நின்றான். என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கே தெளிவில்லை. வேறெங்கும் போகக் கால் வரவில்லை.

மத்தியானம் ஒரு பெண் வந்து ஏறினாள். ஐம்பது வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் பை, அதில் மாவு படிந்த ஒரு ஜோடி செருப்பு. அனெஸ்திஸ் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டான்.

"ஸ்தவ்ரூபோலி போங்க தம்பி. ஒரு துணி எடுத்துட்டு திரும்பி இங்கயே வரணும்."

கொஞ்ச தூரம் போனதும் அவன் கேட்காமலேயே பேசினாள், எல்லோரும் பேசுவதுபோல.

"என் தங்கச்சி. ஸ்தமாதியா. காலைல இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். இப்பதான் உசிரு போச்சு. நல்ல உடுப்பு ஒண்ணு கொண்டாரச் சொன்னாங்க. பேக்கரி உடுப்போட புதைக்க முடியாதில்ல."

அனெஸ்திஸ் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான்.

"ரொம்ப நேரம் ரோட்டுலயே கிடந்திருக்கா. அப்பவே யாராவது தூக்கிட்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. நின்னிருக்கலாம்ல தம்பி? திட்டியிருப்பமா? தூக்கிட்டு வந்திருந்தா அவன் கையைப் புடிச்சு முத்தம் குடுத்திருப்பேன்."

வீட்டு வாசலில் காத்திருந்து, அவளைத் திரும்ப ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டான். அவள் பணப்பையைத் திறந்தாள், அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.

"வண்டியைக் கோயில் மாதிரி வச்சிருக்கீங்க," என்றாள் அவள், சீட்டைத் தடவியபடி. "டாக்சிக்காரங்கள்ல இப்படியும் ஒருத்தர். நல்லா இருங்க."

அவள் உள்ளே போனபிறகு அனெஸ்திஸ் வண்டியைக் கடற்கரைக்கு ஓட்டிப்போய், நிறுத்தி, அழுதான். சொல்லாமல் இருந்துவிடலாம். விளக்குக் கண்ணாடியை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால் நம்பர் பிளேட்டைக் கழற்றிவிடுவார்கள், கண் சான்று எப்படி வந்தது என்று கேட்பார்கள், புரோத்ரோமோஸோடு அவனும் உள்ளே போவான். வர்வாராவின் படிப்பு பாதியில் நிற்கும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தான். அந்த மாவுச் செருப்பு மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் வழக்கம்போலப் புரோத்ரோமோஸின் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தான். அவன் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். கையில் விதைப் பொட்டலம் இல்லை.

"இறங்கலையா?"

"அந்தப் பக்கம் ஏறு. நான் ஓட்டுறேன்."

ஏறினான். அனெஸ்திஸ் வண்டியை எடுத்தான்.

"வண்டியைக் கழுவியிருக்க."

"நீதான இத்தனை வருஷமா கத்துற."

"கும்பாரே."

புரோத்ரோமோஸ் தொடைமேல் வைத்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "குப்பைத் தொட்டின்னு நினைச்சேன்டா. காத்துல உருண்டு வந்திருக்கும்னு. இறங்கிப் பார்த்தேன்."

"பார்த்தியா?"

"இறங்கினேன். ஒண்ணும் தெரியல, ஒரே இருட்டு. யாராவது இருக்கீங்களான்னு கேட்டேன். பதில் இல்ல. ஏறி வந்துட்டேன். பெட்ரோல் பங்க்ல பக்கக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தப்ப கையில பிசுபிசுன்னுச்சு."

"அப்புறம் கழுவின."

"அப்புறம் கழுவினேன்."

லாங்கடா சாலையில் விடிய விடிய விளக்கு எரியும். அது அனெஸ்திஸுக்குத் தெரியும், புரோத்ரோமோஸுக்கும் தெரியும்.

"செத்துட்டாங்க. பேரு ஸ்தமாதியா. அவங்க அக்காவை இந்த வண்டியிலதான் இன்னிக்கு ஏத்திட்டுப் போனேன்."

புரோத்ரோமோஸ் சிலுவை போட்டுக்கொண்டான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "நான் ஜெயிலுக்குப் போனாப் பரவால்லடா, எனக்கு வயசாச்சு. நீ ஏன் மாட்டிக்கிற? புள்ளையை நினைச்சுப் பாரு. நமக்குள்ளயே இருக்கட்டும், இனிமே நான் சாவியைத் தொடமாட்டேன்."

அதுதான் அனெஸ்திஸ் நாளெல்லாம் தனக்குச் சொல்லிப் பார்த்ததும். இன்னொருவன் வாயிலிருந்து கேட்கும்போது தாங்க முடியவில்லை. ஒரு பெரிய கட்டடத்தின் எதிரே வண்டியை நிறுத்தினான்.

"எங்கடா நிறுத்தியிருக்க? ரயில் ஸ்டேஷன் வந்துருச்சா?"

"எதிர்ல போர்டு இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

புரோத்ரோமோஸ் முன்னால் குனிந்தான். துடைக்கத் தேவையில்லாத முன்கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான். மறுபடி பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், ராகம் எதுவும் இல்லாமல் சொன்னான்.

"ஆல்ஃபா, தாஃப், ரோ, ஈட்டா, காப்பா."

பின்னாலிருந்து விளக்கு எரியும் பலகை அது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். அனெஸ்திஸ் எஞ்சினை அணைத்தான்.

"போக்குவரத்துப் போலீஸ்னு எழுதியிருக்கு, கும்பாரே," என்றான். இறங்கி, சுற்றிப் போய், அந்தப் பக்கக் கதவைத் திறந்தான். "கையைப் புடிச்சுக்க. நானும் உள்ள வரணும். அந்த எழுத்தைச் சொல்லிக் குடுத்தது நான்தானே."