அரிஷ்டக் குப்பியின் தக்கை

சூடான இரும்பில் எண்ணெய் சொட்டிக் கரியும் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு உடனே இரண்டு நீலப் பாவாடைகள் ஞாபகத்துக்கு வரும். ஆறாம் வகுப்புக்கென்று அம்மா தைத்து வாங்கிப் பெட்டியில் மடித்து வைத்திருந்தவை, ஒரு நாள்கூட நான் உடுத்தாதவை.

எங்கள் ஊர் குலசேகரத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருந்தது. சர்ச்சை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு தீர்ந்துவிடும். ஆறாம் வகுப்பு வேண்டுமென்றால் ஆறு மைல் தள்ளிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். பஸ் கிடையாது, வழியெல்லாம் ரப்பர் தோட்டம், பெண்பிள்ளையைத் தனியாக நடக்க விடமாட்டார்கள். அப்பா அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தையும் தாண்டி ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். வேலையை விட்டுப் போன மேனேஜர் கொடுத்துவிட்டுப் போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. ஈஸ்டர் கழிந்த மறுநாள், "ஜூன்ல இருந்து எனக்க பின்னால இருந்து வா மக்கா" என்றார். என் படிப்பு அந்த வண்டியின் பின்சீட்டில்தான் இருந்தது.

அதனால் அதைத் தினமும் காலையில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது என் வேலையாயிற்று. எஞ்சினிலிருந்து விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் சங்கிலிப் பக்கமாகப் போய் முடியும். அதன் முனையில் எப்போதும் ஒரு சொட்டு எண்ணெய் நின்று ஆடும். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும்போது அடியில் நெருக்குகிற சூட்டுக் காற்று வெளியே போக வழி வேண்டும், அந்த வழிதான் இந்தக் குழாய், ஒர்க்ஷாப்பில் இதற்கு "பிரீதர்" என்று பெயர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, அந்த முனை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பது மட்டும்தான்.

மே மாதம் அண்ணன் நாகர்கோவில் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளை பேண்ட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவான். ஒருநாள் பேண்ட்டின் கீழ்ப்பக்கம் முழுக்க எண்ணெய்ப் புள்ளி. "சவத்து வண்டி, கைப்பிள்ள மாதிரி ஒழுக்கிட்டே கெடக்கு" என்று வைதான். வைததோடு விட்டுவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன்.

நாலு நாளில் எஞ்சினின் வலப்பக்கம் எண்ணெய் கசியத் தொடங்கியது. குலசேகரத்திலிருந்து ஒர்க்ஷாப் மேஸ்திரி வந்து, இரண்டு இரும்புக்கும் நடுவில் வைக்கிற "பேக்கிங்" என்னும் காகிதத்தை மாற்றினார். மூன்று நாள் தாங்கியது. மறுபடி மாற்றினார். மறுபடி ஒழுகியது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் எத்தனை நாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கிருந்து கசிகிறது என்று பார்க்க, என் பள்ளிப் பையில் கிடந்த சாக்குக்கட்டிகளை அம்மியில் பொடித்தேன். எஞ்சினை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, அந்தப் பொடியை ஊதி எல்லாப் பக்கமும் படிய வைத்தேன். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடியபோது பொடி அப்படியே வெள்ளையாக இருந்தது. அப்பா மலையேறிப் போய்விட்டு வந்த பிறகு பார்த்தால் மூன்று இடத்தில் கறுப்புக் கோடு. பேக்கிங் கெட்டால் அந்த ஒரு இடத்தில்தானே ஒழுக வேண்டும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடத்தில் ஒரே நாளில் எப்படி ஒழுகும், உள்ளேயிருந்து ஏதோ பிடித்துத் தள்ளுகிறது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் மேட்டில் ஏறும்போது எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியே தெறித்துப்போய் அப்பாவின் காலில் சுடு எண்ணெய் பாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர் என்னைத்தான் பார்த்தார். "இவ தொடச்சுத் தொடச்சு எதையோ கழத்திப் போட்டா. இனி வண்டில கை வச்சா கைய ஒடிச்சிருவேன்."

அடுத்த நாள் காலையில், அம்மா அவர் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, நான் வண்டியருகே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். குழாயின் முனையில் ஒரு பொட்டு ஈரமில்லை. விரலால் அழுத்தினேன், உள்ளே கட்டியாக இருந்தது. குனிந்து முனைக்குள் பார்த்தேன்: அம்மா மருந்தாகக் குடிக்கிற அரிஷ்டக் குப்பியின் தக்கை. சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றி இறுக்கி அடைத்திருந்தது. உள்ளே அப்பா செருமினார். நான் கையை எடுத்துவிட்டேன்.

அன்று மேஸ்திரி வந்தார். அப்பாவும் அண்ணனும் நின்றிருந்தார்கள். ஆண்களுக்கு முன்னால் நான் வாய் திறப்பது அபூர்வம், அன்றைக்குத் திறந்தேன். "அப்பா, இந்தக் கொழாயில தக்க அடச்சிருக்கு. அதாக்கும் மத்த எடத்துலயெல்லாம் பீச்சுது."

அண்ணன்தான் முதலில் சிரித்தான். "கேட்டியளா மேஸ்திரி, ஒழுகுத எடத்த அடச்சதுனால ஒழுகுதாம்! ஏட்டி, ஓட்டப் பானைய அடச்சா தண்ணி நிக்குமா, கூடுதலா ஒழுகுமா?"

"பிள்ளைய ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்க சார், எனக்கு ஒரு ஆசான் தேவையாக்கும்" என்றார் மேஸ்திரி.

"வாய மூடிட்டு உள்ள போ" என்றார் அப்பா. "பொம்பளப் பிள்ளைக்கு இதுல என்ன காரியம்?"

கதவோரம் நின்று பார்த்தேன். மேஸ்திரி குனிந்து அடியில் கைவிட்டார். குழாய் முனையில் அவர் கை நின்றது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "எஞ்சின் கேஸே வளஞ்சு போச்சு சார். இனி இது ஓடாது. இத வச்சிட்டு என்னத்துக்கு?" என்றார். பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர் கடைக்குப் போடுவதாகச் சொல்லி அன்றே தள்ளிக்கொண்டு போனார். அப்பா அவருக்கு நன்றியும் சொன்னார்.

ஜூனில் அப்பா தோட்டத்திலேயே தங்கிச் சனிக்கிழமை வீட்டுக்கு வரத் தொடங்கினார். "அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அப்படி ஒரு வருஷம் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம், சானல் வாய்க்காலிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தபோது மேஸ்திரி அதே வண்டியில் என்னைக் கடந்து மேட்டில் ஏறிப் போனார். எஞ்சின் துடைத்துவைத்தது போல உலர்ந்திருந்தது. குழாய் முனையில் மட்டும் ஒரு சொட்டு ஆடிக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். தக்கை யாருடைய வேலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "இனி அதச் சொல்லி என்னத்துக்கு பிள்ளே? அப்பா அண்ணன அடிச்சே கொன்னுருவாரு" என்றாள். அண்ணனுக்கு விழவேண்டிய நாலு அடிக்குப் பதிலாகத்தான் என் படிப்பு போயிற்று.

மேஸ்திரி மேல் இருந்த கோபம் அவர் இறந்த அன்று போய்விட்டது; அவர் அந்நியர். அம்மா மேல் உள்ளது போகவில்லை. என் மேல் உள்ளது எல்லாவற்றையும்விடப் பெரிது. அந்தத் தக்கையைப் பிடுங்க இரண்டு விரல் போதும், என் இரண்டு விரலும் அதன் மேல்தான் இருந்தன.

அண்ணன் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றான். போன மாதம் அவன் பேத்தி கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பந்தியில் என்னிடம், "பாட்டி எதுவரைக்கும் படிச்சிய?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நான் வாயெடுக்கும் முன்னே அண்ணன் சொன்னான்: "அவளுக்குப் படிப்பு ஏறல பாத்துக்கிடுங்க. நாங்க எம்புட்டோ சொல்லிப் பாத்தோம்." நான் இலையைப் பார்த்துக்கொண்டு பருப்பைப் பிசைந்தேன்.

இப்போது ஊருக்கு அரைமணிக்கு ஒரு பஸ் வருகிறது. வழியில் ரப்பர் மரங்களை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். இந்தக் காலத்து வண்டிகள் ஒரு சொட்டும் சிந்துவதில்லை, சிந்தினாலும் பிள்ளைகள் குனிந்து பார்ப்பதில்லை, நேரே கம்பெனியில் கொண்டு விட்டுவிடுகிறார்கள். அன்று அந்த வண்டியைச் சுற்றி நின்றவர்களில் நானும் அண்ணனும்தான் பாக்கி. இதை அண்ணன் வாசிப்பான். அச்சில் வருகிற எதையும் விடமாட்டான், பிழை கண்டால் சிவப்பு மையால் சுழித்துவைப்பான். இதில் பிழை இருக்கும், ஐந்தாம் வகுப்புதானே. எழுத்தைத் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் ஒரு வரியைத் திருத்த அவனுக்கு உரிமை கிடையாது.