பத்துக்கு நான்கு

பேத்தியின் பொருட்டு நாமக்கல் பள்ளியொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். எனக்கு முன்னே நின்றவர் லாரிகளுக்குப் பெயரெழுதும் ஓவியர். அவரது நகக்கண்களில் மஞ்சள் வண்ணம் ஒட்டியிருந்தது. எந்த எழுத்தையும் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடியே நோக்குவது அவர் வழக்கம் போலும். மகளின் ‘கைபேசியின் தீமைகள்’ கட்டுரையையும் அவ்வாறே நோக்கியபின் தமிழாசிரியையிடம் முறையிட்டார்.

“ஏனுங்க டீச்சர், இதுக்குப் போயி பத்துக்கு நாலுங்களா?”

“உங்க பொண்ணு எழுதுனதுக்கு அது போதுங்க.”

“பாப்பா எங்கீங்க எழுதுச்சு? ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து நானெழுதுனதுங்க!”

அருகில் நின்ற மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அப்பப் பாப்பா என்ன பண்ணுச்சுங்க?”

“அது செல்லு பாத்துட்டு இருந்துச்சுங்க.”

ஆசிரியை நான்கை அடித்துவிட்டுச் சுழியம் இட்டார். மனிதர் சற்றும் கலங்கவில்லை.

“அதுக்கு முட்ட போட்டது நாயந்தானுங்க. எனக்கு எத்தனைங்க?”

ஆசிரியை சிரிப்பை அடக்கியவாறு ஓரத்தில் ஏழு என்று எழுதினார்.

“பாத்தியா சாமி, ஏழு!” என்று மகளிடம் சொல்லிவிட்டு, தாளைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடியபடியே அவர் வெளியேறினார். மகள் பின்தொடர்ந்தாள்.

அவரை உண்மை விளம்பி என்பதா, மதிப்பெண் பித்தர் என்பதா என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் அந்தக் கட்டுரையை நான் ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கலாம்.