‘போறன்’ என்று சொல்லாத மனிதர்

போன வெள்ளிக்கிழமை சாமி அறையில் கற்பூரம் கொளுத்தியதுதான் தாமதம், கூரையில் இருக்கிற புகை மணி கத்தத் தொடங்கிவிட்டது. மகன் மாடியிலிருந்து ஓடி வந்தான். “அப்பா, பற்றரி விளக்கு வாங்கித் தந்தது என்னத்துக்கு?” கடவுளையும் மகனையும் ஒரே நேரத்தில் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. மொன்றியல் ஓரத்தில் இருக்கிற இந்தப் பியர்பொன்ட்ஸ் வீட்டில் எல்லாம் இருக்கிறது. புகை மணிக்குக் கீழே துவாயை விசுக்கிக்கொண்டு நிற்க ஓர் ஆள்தான் இல்லை.

முன்பு அப்படி ஓர் ஆள் இருந்தார், சவிரிமுத்து அண்ணை. எண்பதுகளில் மொன்றியலுக்கு அகதியாக வந்து இறங்கிய புதிதில், அவரும் நானும் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தோம். அவர் மட்டக்களப்பு, வேதக்காரர், கழுத்தில் சிலுவை. நான் யாழ்ப்பாணம், நெற்றி நிறையத் திருநீறு. விடிய எழும்பித் தலைக்குக் குளித்து, மணி அடித்து, தேவாரம் பாடினால்தான் எனக்குப் பொழுது விடியும். என் குரலைப் பற்றி மேல் வீட்டு மதாம் தும்புத்தடியால் தரையில் தட்டிப் பலமுறை கருத்துச் சொல்லியிருக்கிறார். சவிரிமுத்து அண்ணை ஒரு சொல் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை நான் கற்பூரத் தட்டைத் தூக்கினால் அவர் கதிரையில் ஏறிவிடுவார். “நீ உன்ர சாமியைப் பார் மனே, நான் இதைப் பாக்கிறன்” என்று புகை மணியின் கீழ் துவாயை விசுக்குவார். என் பூசைக்கு ஒரு வேதக்காரர் சாமரம் வீசுகிறார் என்று ஊருக்கு எழுதினால் யார் நம்புவார்கள்? நான் எழுதவில்லை.

அவருக்கும் ஒரு குணம் இருந்தது. ‘போறன்’ என்ற சொல் ஆகவே ஆகாது. எங்கள் சனம் எல்லாரும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்லும், அது வழக்கம். ஆனால் அண்ணை குப்பை கொட்டப் போனாலும் சொல்லுவார். குளியலறைக்குப் போனாலும் சொல்லுவார். பஸ்ஸால் இறங்கும்போது பிரெஞ்சுக்கார டிரைவருக்கும் தமிழிலேயே சொல்லுவார். அந்த மனிதரும் “மெர்சி” என்பார்.

ஒரு பனிக்காலக் காலை. டவுன்டவுனில் கோப்பை கழுவுகிற வேலைக்கு எனக்குப் பிந்திவிட்டது. “அண்ணை, போறன்” என்று கதவைத் திறந்தேன்.

“என்ன சொன்ன நீ?”

“வேலைக்குப் போறன் எண்டன்.”

“உள்ள வா. வந்து ஒழுங்காச் சொல்லிட்டுப் போ.”

“பஸ் வருது அண்ணை!”

“பஸ் மறுகா வரும். நீ வருவியோ எண்டதுதான் கேள்வி.”

பிறகு என்பதற்கு நாங்கள் ‘பேந்து’ என்போம், அவர்கள் ஊரில் ‘மறுகா’ என்பார்கள். அன்றைக்கு அந்த பஸ் மறுகா வர அரை மணித்தியாலம் எடுத்தது. காது இரண்டும் விறைக்க நின்று, அவரை மனதுக்குள் திட்டினேன். திட்டிவிட்டு, பாவம் என்று கந்தனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பிறகு அவருடைய அகதி விசாரணை வந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் ஷெல் அடிக்கு நடுவில் இருந்தார்கள். கோரிக்கை சரிவந்தால் அவர்களைக் கூப்பிடலாம். சரிவராவிட்டால் அவரே திரும்பிப் போக வேண்டியதுதான். அவரோடு ஒரே வீட்டில் இருப்பவன் என்று வழக்கறிஞர் என்னையும் சாட்சியாகக் கூட்டிப்போனார். திருநீற்றுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, உண்மையே சொல்லுவேன் என்று சத்தியம் பண்ணினேன்.

அதிகாரி அண்ணையைக் கேட்டார், வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது மனைவியிடம் என்ன சொன்னீர்கள் என்று.

“போயிட்டு வாறன் எண்டு சொன்னன்.”

மொழிபெயர்த்தவர் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா. சொல்லுக்குச் சொல் அப்படியே பிரெஞ்சில் போட்டுவிட்டார். அதிகாரியின் பேனை நின்றது. அப்படியென்றால் திரும்பிப் போகிற எண்ணத்தோடுதான் வந்தீர்களா?

உண்மையும் அதுதான். ஊரில் அவர் வீட்டு வளவில் பாதி வெட்டிய கிணறு ஒன்று கிடந்தது. ஒரு வருசத்தில் சண்டை முடியும், போய் மிச்சத்தை வெட்ட வேண்டும் என்று தினமும் சொல்லுகிற மனிதர். பொய்யும் சொல்ல வராது. “அது வந்து ஐயா, கிணறு...” என்று தொடங்கவே நான் எழும்பிவிட்டேன்.

“ஐயா, அது சும்மா சொல்லுற சொல்! அப்பிடிச் சொல்லிட்டுப் போறவை ஆரும் வாறேல்ல. நீங்களும் வெளிக்கிடேக்க ‘ஓ ருவுவார்’ எண்டுறியள்தானே? திரும்பவும் காணுவம் எண்டுதானே அதுக்கு அர்த்தம்? எல்லாரையுமோ திரும்பக் காணுறியள்?”

கோப்பை கழுவின இடத்தில் நான் கற்ற பிரெஞ்சு அவ்வளவுதான்.

“நீங்க உக்காருங்க சார், நான் சொல்றேன்” என்றார் அந்த அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவர் சொல்லி முடிக்க அதிகாரியும் சிரித்துவிட்டார். பேனை அடுத்த கேள்விக்குப் போனது.

மெட்ரோவில் ஏறியதும் அண்ணை கேட்டார்: “ஏன் மனே பொய் சொன்னாய்? வாறன் எண்டுதானே நான் சொல்லிட்டு வந்தனான்?”

“பிள்ளையளை நினைச்சுத்தான் அண்ணை.”

“சரி, உன்ர சாமிட்ட மன்னிப்புக் கேள். நானும் என்ர ஆளிட்ட ஒரு சொல் சொல்லி வைக்கிறன்.”

கோரிக்கை சரிவந்தது. குடும்பம் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் அவர் மனைவி பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. “வாறன், வாறன் எண்டு சொன்ன மனிசன்! கடைசில நான்தானே வந்தன்!” அண்ணை அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒரு வருசத்தில் அவர்கள் டொரொன்டோவுக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு ஏறவில்லை. அங்கே வேலையும் இருந்தது, சனமும் இருந்தது. வான் வண்டியில் கட்டிலை ஏற்ற நானும் கை கொடுத்தேன். “போயிட்டு வாறன் மனே” என்றார். ஆறு மணித்தியால ஓட்டம்தானே, நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வருவார் என்று நினைத்தேன். முதலில் கிழமைக்கு ஒரு போன் வந்தது. பிறகு நத்தாருக்கும் பொங்கலுக்கும் வந்தது. பிறகு ஒரு நாள் அவர் மகள் எடுத்து, அவருடைய செத்தவீட்டுத் திகதியைச் சொன்னாள்.

எங்கள் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அப்படித்தான் வான் பிடித்துப் போயின, எல்லாரும் வாறன் என்று சொல்லிவிட்டு. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் யாரும் வருவதில்லை என்று அன்றைக்குத் திருநீற்றைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன பொய்க்கு எத்தனையோ வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கந்தன் மன்னித்ததாகத் தெரியவில்லை. அதை உண்மையாக்கிவிட்டான்.