கத்தாத குட்டி

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பின் காவலாளி மிகவும் ஒல்லி. அவரது நீலச் சட்டைக்குள் இன்னொருவரும் நுழையலாம். மொட்டைமாடியில் குரங்குகள் சண்டையிட்டால், கீழே உட்கார்ந்தபடியே சத்தத்தை வைத்து, அடி வாங்கியது எது என்று சொல்லிவிடுவார்.

சனிக்கிழமைதோறும் அனுமாரை நினைத்து அந்தக் குரங்குகளுக்கு வாழைப்பழம் வைத்தவன் நான். அதற்காக மாடிக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னவனும் நானே. ஒருநாள் ஒரு குரங்கு அந்த வழியாக இறங்கி, ஒரு வீட்டுக் குழந்தையைப் பிறாண்டிவிட்டது. கதவைத் திறந்தது யார் என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டார்கள். செயலாளரான நான் காவலாளியைப் பார்த்துக் கத்தினேன். அவர் வாய் திறக்கவில்லை. வேலை போயிற்று.

மறுநாள் சீருடையைத் திருப்பித் தர வந்தவரிடம், "நான்தான் சொன்னேன்னு நீங்க சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?" என்றேன், வெட்கமில்லாமல்.

"தனியா இருந்தா அண்ணாச்சி. நாலு பேரு முன்னால 'ஏய் வாட்ச்மேன்'. நல்லாருக்கு சார்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "அடிபட்ட குட்டி, தாய் பக்கத்துல இருந்தாத்தான் கத்தும். இல்லன்னா சத்தங்காட்டாமப் போயிரும். அங்கன எனக்கு யாரு சார் இருந்தா?"

அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர இருந்த ஒரே தமிழன் நான்.