உப்பளத்துக்குப் போன சிலுவைப் பாதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். அப்பாவைப் பற்றிச் சொல்லப் போனால் என் தப்பையும் சொல்ல வேண்டும். அதுதான் தயக்கம். ஆண்டவர் முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மனிதர்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

அப்பா மரக்காணம் பக்கத்துப் பங்குக் கோயில் ஒன்றில் உபதேசியார், சாமியாருக்குத் துணையாக ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்கிறவர். அம்மா உப்பளத்தில் கூலி வேலை. கோயில் வளாகத்திலேயே எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு முன்பிருந்த உபதேசியார் சாமியாரோடு வாய்ச்சண்டை போட்டு, அந்த மாதமே சாமான்களை ஏற்றிக்கொண்டு போனவர். அதனால் எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது புதுச் சாமியார் வந்தார். மேற்கே நெல் விளையும் ஊர்க்காரர், சின்ன வயசு. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையைக் கோயிலைச் சுற்றி வைக்காமல், உப்பளத்து வரப்புகள் மேல் நடத்துவோம் என்று அறிவித்தார். இயேசு சிலுவை சுமந்த பதினாலு நிலைக்கும் பதினாலு வரப்பு.

அன்று மத்தியானம் சோறு போட்டபடி அம்மா, "வரப்பு தாங்குமா?" என்று கேட்டாள். "தாங்காது. பாத்தியெல்லாம் சேறாயிடும்," என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு.

சாயங்காலம் பாட்டுப் பயிற்சியில் பிள்ளைகள் நடுவே எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த சாமியாருக்கு ஒண்ணுமே தெரியலன்னு எங்கப்பாவே சொல்லிட்டாரு," என்றேன். அப்பா சொன்னது வரப்பைப் பற்றி மட்டும்தான்; இது முழுக்க என் சொந்தச் சரக்கு. விளக்கு வைப்பதற்குள் அது சாமியார் காதுக்குப் போய்விட்டது.

மறுநாள் சிலுவைப் பாதை பற்றிப் பேச, கோயிலில் வேலை செய்கிறவர்களைச் சாமியார் கூப்பிட்டார். எங்கள் சன்னலுக்கு எதிரேதான் அவர் வீட்டு வராண்டா. பாட்டு மாஸ்டர் எதற்கெடுத்தாலும் "நல்லதுங்க ஃபாதர்" என்றார். முந்தின நாள் எங்கள் வாசலில் நின்று, வரப்பு மேல் சிலுவைப் பாதையா என்று தலையில் அடித்துக்கொண்டவர் அவர். கோயிலைக் கூட்டி மணி அடிக்கும் கோயில்பிள்ளை தாத்தாவோ, "காலங்காலமா கோயில சுத்திதான் போறோம். இப்ப என்னாத்துக்கு மாத்தணும்?" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

சாமியார் அப்பா பக்கம் திரும்பினார். "உபதேசியாரே, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொன்னீங்களாமே?"

நான் சன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

"வரப்பு தாங்காதுன்னு வீட்ல பேசினது உண்மைங்க ஃபாதர். அத மொதல்ல உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். தப்புதான்," என்றார் அப்பா. பிறகு, "ஆனா யோசனை நல்லா இருக்குது. எங்க வீட்ல அது இத்தினி வருஷமா அங்க வேலை செய்யுது. அது நிக்கிற எடத்துக்கு சிலுவை வரணும்னு எனக்குத் தோணவே இல்ல. நாளைக்குக் காலைல ஒரு தபா நடந்து பாத்துடலாங்களா?" என்றார்.

மறுநாள் விடியும்போது அப்பாவும் சாமியாரும் போனார்கள். நானும் அம்மாவோடு போனேன். செருப்பைக் கழற்றச் சொல்லி அம்மா முன்னால் நடந்தாள். களிமண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திய ஒல்லி வரப்பு அது. நாலாவது எட்டில் ஓரம் சரிந்து, சாமியாரின் கால் உப்பு பூத்திருந்த பாத்திக்குள் கணுக்கால்வரை இறங்கியது. வெள்ளையாக இருந்த இடம் கலங்கிப் பழுப்பாகப் பரவியது.

அந்தப் பாத்தியில் வேலை பார்த்த அக்கா உப்பு வாரும் பலகையை ஊன்றி நின்று பார்த்தாள். "பரவால்ல ஃபாதர், ஒரு காலுதானே. வெள்ளிக்கெழம எத்தினி காலு வரும்?"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டி அவரைத் தூக்கிவிட்டார்.

"அப்ப எங்கதான் நடக்கறது?" என்று சாமியார் கேட்டார். கேட்டதும் அப்பா, உப்பு ஏற்ற லாரி வரும் மண்பாதையைக் காட்டினார். அதன் ஓரமாகக் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு குவியலையும் ஒரு நிலையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். சாமியார் அப்போதே நடந்து எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டுதான் இருந்தது. மீதி இரண்டைக் கோயில் வாசலில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் உப்பளத்துப் பெண்களும் சிலுவையைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மணி அடிக்கக் கூடாது என்பதால், கோயில்பிள்ளை தாத்தாதான் முன்னால் மரக்கட்டை தட்டிக்கொண்டு போனார்.

எனக்கு மட்டும் அப்பா மேல் கோபம். தப்பு என்று ஒத்துக்கொண்டார், சாமியாரைப் புகழ்ந்தார், வீடு போய்விடும் என்று பயந்துவிட்டார் என்றே நினைத்தேன். தான் சொல்லாத வார்த்தையை "நான் சொல்லல" என்று ஒரு தடவை மறுத்திருந்தால், அடுத்த கேள்வி யாரை நோக்கி வந்திருக்கும் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. அதைச் சொன்னது யார் என்று அவர் கடைசிவரை என்னிடம் கேட்கவும் இல்லை.

இதை நீங்கள் யாருக்காவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். அந்த வார்த்தை உபதேசியாருடையதல்ல, மகளுடையது என்பதையும் விடாமல் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். சேர்த்தவள் நான், அதனால் கேட்கிறேன்.