மீட்டரை நம்பிய பத்து நாள்

ஆரியசாலையில் மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். என் மகளுக்கு ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதில் ஆபரேஷன் செய்து காதுக்கு உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். வெளியே மாட்டுகிற மெஷினிலிருந்து ஒரு ஒயர் போய்த் தலையில் ஒட்டிக்கொள்ளும். 'அப்பா' என்ற சொல்லையே அவள் அது வழியாகத்தான் கேட்டாள்.

போன மாதம் கூப்பிட்டால் திரும்பாமல் ஆனாள். நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே, ஒயரைக் கடைக்குக் கொண்டுபோய் மீட்டர் வைத்தேன். பீப் அடித்தது, ஒயர் எங்கும் அறுந்திருக்கவில்லை. ரெசிஸ்டன்ஸ் ஒன்றுமே இல்லை. பேட்டரியும் புதுசு. "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. இவளுக்குத்தான் கொழுப்பு கூடிப்போச்சு" என்று வீட்டுக்காரியிடம் அடித்துச் சொன்னேன். பத்து நாள் அந்தப் பிள்ளையைத் திட்டித் தீர்த்தேன். ஒரு நாள் முதுகில் ஒன்று வைக்கவும் செய்தேன்.

வீட்டுக்காரி பொறுக்கமாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். காது பரிசோதிக்கிற பெண் மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்துவிட்டு, "சேட்டா, உள்ள இம்பிடன்ஸ் நல்லா கூடியிருக்கு" என்றாள்.

"ரெசிஸ்டன்ஸ் நான் பார்த்தேனே, சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அது வெளிய உள்ள ஒயர். உங்க மீட்டர் ஒரே பக்கமா ஓடுற கரண்டை விட்டுப் பார்க்கும். உள்ள போறது துடிச்சுத் துடிச்சுப் போற கரண்ட். அதை ரெசிஸ்டன்ஸ் மட்டுமா தடுக்கும்? காதுக்குள்ள வச்ச கம்பி முனையில சார்ஜ் தேங்கி நிக்கிறதும் தடுக்கும். எல்லாம் சேர்ந்ததுதான் இம்பிடன்ஸ். இப்போ முனையைச் சுத்திச் சதையும் வளர்ந்திருக்கும்னு தோணுது."

அட பாவி, இது எனக்குத் தெரியாததா! டியூப்லைட் சோக்கில் மீட்டர் வைத்தால் நாற்பது ஓம் காட்டும். அந்தக் கணக்கில் வீட்டு லைனில் ஆறு ஆம்பியர் இழுக்க வேண்டும். கால்வாசிகூட இழுக்காது. மாறி மாறி வருகிற கரண்டைக் காயிலே எதிர்த்துப் பிடிக்கும், அதை மீட்டர் காட்டாது. கடைக்கு வருகிறவர்களிடம் "வெறும் மீட்டரை நம்பாதீங்க, லைன்ல போட்டுப் பாருங்க" என்று வாய் கிழியச் சொல்கிறவன் நான். என் பிள்ளை விஷயத்தில் புத்தி எங்கே போனதோ.

"வோல்டேஜைக் கூட்டித் தள்ள முடியாதா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு எல்லை உண்டு சேட்டா. அங்க வந்தாச்சு."

உள்ளே இருக்கிற கம்பி முனைகளில் எட்டைக் கம்ப்யூட்டரிலேயே அணைத்துவிட்டாள். மிச்சத்தில் கொஞ்சம் கேட்கும், பேச்சு தெளியாது என்றாள். மறுபடியும் ஆபரேஷன் வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம். எரிந்த மோட்டாரென்றால் பிரித்துப் போட்டு வேறு காயில் கட்டிவிடுவேன். இவள் தலைக்குள்ளே நான் எந்தக் கையை விடுவது?

திரும்பும்போது ஆட்டோவில் எனக்குத் தாங்கவில்லை. அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "அப்பாவை மன்னிச்சிரு மக்களே" என்று உரக்கச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு அவசரமாகச் சொன்னாள்:

"இனிமே செய்யமாட்டேன்ப்பா."