தீ நகரவில்லை, துணிதான் நகர்ந்தது

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "நம்ம செல்வின் சார் போயிட்டாரு. மாரடைப்பு. காலைல நெஞ்சு வலிக்குன்னாவ, அம்புட்டுதான்" என்றார் பள்ளி எழுத்தர். "அடப்பாவி மனுஷா, உமக்கு என்ன அவசரம்?" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். தன்னைத்தான் திட்டுகிறேன் என்று கடைக்காரர் பதறினார்.

ராஜபாளையத்தில் எங்கள் பள்ளியில் அவர் புவியியல், நான் வேதியியல். அவர் கோபம் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் குத்தில் கிழியாத வரைபடம் எங்கள் பள்ளியில் இல்லை.

ஓர் அறிவியல் கண்காட்சியில் என் மாணவர்கள் களிமண்ணில் எரிமலைத் தீவுகளை வரிசையாகச் செய்திருந்தார்கள். கடலுக்கடியில் தீ ஊர்ந்து போய் ஒவ்வொரு தீவாகக் கக்குகிறது என்று பெற்றோர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். செல்வின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏலே, பொய் சொல்லாத! தீ எங்கலே போகும்? மேல இருக்க பூமித் தட்டுல்லா நகருது!" என்று ஒரே உதை. தீவுகள் நொறுங்கிப் பெற்றோர்கள்மேல் தெறித்தன. மாணவர்கள் முன்னால் என்னை 'ஏலே' என்றதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அறைந்தேன். அவர் கழுத்தைப் பிடித்தார். விலக்கிவிட்டபோது என் உதடு கிழிந்திருந்தது, அவர் கண்ணாடி உடைந்திருந்தது.

ஒரு வருடம் பேச்சு இல்லை. பிறகு ஒரு மத்தியானம், செட்டியார்பட்டியில் மைத்துனர் தறியில் நெய்த பேண்டேஜ் துணியோடு ஆய்வகத்துக்கு வந்தார். "செத்த நேரம் வாயத் தொறக்காம பாரும்" என்று ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, அதற்கு மேலே துணியை விட்டுவிட்டு மெதுவாக இழுத்தார். கருகல் பொட்டு ஒன்று விழுந்தது. அடுத்து இன்னொன்று. மூன்றாவது.

"தீ நின்ன எடத்துலயேதான் நிக்கி. மொதப் பொட்டு தள்ளிப் போயிட்டு, அதுக்குக் கீழ இப்பத் தீ இல்ல. எரிமலையும் அப்படித்தான் அணைஞ்சுபோகும். பொறவு கடல் அரிச்சு அரிச்சு அந்தத் தீவையே முழுங்கிரும். தள்ளி இருக்கதுதான் கெழட்டுத் தீவு" என்றார்.

தறியிலிருந்து நேரே வந்த துணி. மேலெல்லாம் பஞ்சுத் தூசி. நனைக்காமல் தீயருகே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இரண்டு வாத்தியார்களுக்கும் அன்று தோன்றவில்லை. குப்பென்று தீப்பிடித்து என் சட்டைக்குத் தாவியது. செல்வின் என்னைத் தரையில் தள்ளி, மேலே விழுந்து, கெட்ட வார்த்தையாகக் கொட்டிக்கொண்டே வெறுங்கையால் என் நெஞ்சில் அடித்து அணைத்தார். அவர் உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார்: "இப்பவாச்சும் நான் சொன்னது சரின்னு ஒத்துக்கிடும்." "துணிய நனைச்சிருக்கணும்" என்றேன். வீம்பு. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் கேட்பார். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சிரித்துக் கழித்தேன்.

சவப்பெட்டியின் அருகே அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "நேத்துகூடச் சொன்னாவ. அந்த ஆளு நான் செத்தாத்தான் ஒத்துக்கிடுவாருன்னு."

"நீர் சொன்னதுதான் சரி" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். ஒருவரும் திரும்பக் கத்தவில்லை.

அவர் கொடுத்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த உயிர். அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல்.